உப்பு போட்ட பனி

வெள்ளி, இரவு. ஜெயங்கொண்டம்.

நேற்று எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில், மேடை அலங்காரம் செய்யும் நானும் என் வீட்டுக்காரரும் ரிசப்ஷன் மேடைக்குச் செயற்கைப் பனி போட்டோம். வெள்ளைப் பவுடரில் தண்ணீர் ஊற்றினால் போதும், பொங்கிப் பனியாகிவிடும். மணப்பெண் அள்ளி அள்ளி வீசினாள்.

இன்று பெருக்குவதுதான் தொல்லை. கொழகொழவென்று துடைப்பத்தில் ஒட்டியது. உப்பைத் தூவினால் தண்ணீர் விட்டு இளகிவிடும். கைநிறையக் கல்லுப்பைத் தூவி, அள்ளிக்கொண்டுபோய் மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலையோடு கொட்டினேன். எப்போதும் அங்கேதான் கொட்டுவோம்.

சாயந்திரம் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். "ஒங்க குப்பையில உப்பு கெடந்துச்சா? எங்க மாடு துளி விடாம நக்கித் தின்னுடுச்சு."

அது சினை மாடு.

வாயைத் திறக்காதே என்று வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் சொல்லிவிட்டேன், தின்றது உப்பு மட்டும் இல்லை, பனிப் பவுடரும்தான் என்று. அக்காவின் சிரிப்பு போய்விட்டது.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். "அசை போடுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. போட்டுச்சுன்னா பயமில்ல."

அவர் போனதும் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "உப்பு போட்டா மாடு வரும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். நானும் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள்தான். காலையில் துடைப்பம் ஒட்டுகிற எரிச்சலில் அது நினைவுக்கு வரவே இல்லை.

என் ஜன்னலிலிருந்து அக்காவின் மாட்டுக்கொட்டகை தெரிகிறது. இவ்வளவு நேரம் லைட் எரிந்தது. இப்போது அணைத்துவிட்டார். மாடு அசை போட்டுவிட்டதா, இல்லை இனிப் பார்க்க ஒன்றும் இல்லையா?

எழுந்து போய்க் கேட்கக் கால் வரவில்லை.