ரெண்டு நூல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு என்ன என்பதைக் கீழே எழுதுகிறேன். நீயும் மருமகளும் மருமகளின் காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவும் சுகமாகத்தான் இருப்பார், அவருக்கென்ன. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிடுகிறாய், நான் இங்கே தும்மினால் அங்கேயிருந்து சம்பந்தியம்மா ஆவி பிடிக்கச் சொல்கிறார். பெற்ற பிள்ளையிடம் தனியாக நாலு வார்த்தை பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு மேசையில் போட்டு வைக்காதே. இதில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியது ஒரே ஒரு பத்திதான், அது எது என்று அங்கே வரும்போது சொல்கிறேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அப்பா மூக்குக்கண்ணாடியை மாற்றியாயிற்று, இப்போது அவருக்குச் சாதத்தில் கிடக்கும் முடியெல்லாம் தெரிகிறது, பழைய கண்ணாடியே தேவலை என்று இருக்கிறது எனக்கு. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நாளைக்கு, நாளைக்கு என்று அவரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எங்கள் ஜன்னல் கண்ணாடிக் கடையில் வேலைக்குக் குறைவில்லை, எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறவரை முதலாளிக்குக் கவலையும் இல்லை. நான் வழக்கம்போலக் காலையில் போய் வெட்டு மேசையில் நிற்கிறேன், சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, எனக்கு உன் மாமியார் மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மருமகள் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டபோது அவளைப் பெற்றவர் ஓடி வந்தது நியாயம், நானாக இருந்தாலும் ஓடித்தான் வந்திருப்பேன். ஆனால் கட்டுப் பிரித்ததும் அவர் கிளம்புவார், பிறகு நான் வருவேன் என்பதுதானே நம் பேச்சு. உங்கள் வீட்டில் வந்தவர்கள் படுக்க இருப்பது ஒரே ஓர் அறை, ஒருவர் போனால்தான் இன்னொருவர் வர முடியும் என்று நீதான் சொன்னாய். நான் பெட்டி கட்டிக் கதவோரம் வைத்துவிட்டேன், கடையில் லீவு சொல்லிவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரரிடம் உன் அப்பாவை அவ்வப்போது எட்டிப் பார்க்கவும் சொல்லிவிட்டேன். அப்போது நீ போன் செய்து, அத்தை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா, நீ அப்புறமா வாயேன் என்றாய். அப்புறமா என்றால் எப்போது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேலைகளை வெளியே எடுத்துத் திரும்பவும் அலமாரியில் அடுக்கினேன். உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டார். அவர் டீ போடட்டுமா என்று கேட்டால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் சமைக்கட்டும், மகளுக்குத் தலை பின்னி விடட்டும், உன் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைக்கட்டும், தையல்கடை வைத்திருப்பவர், அவர் கைக்கு அதெல்லாம் தூசு. என்னால் முடியாததை அவர் செய்வதில் எனக்கு என்ன வந்தது. ஆனால் ஜன்னல் என்னுடையது என்று நினைத்திருந்தேன். நீ அந்தப் பழைய வீட்டுக்குக் குடிபோனபோது போனில் ஒவ்வோர் அறையாகக் காட்டினாயே, மர ஜன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டியெல்லாம் உதிர்ந்து, காற்று அடித்தால் கண்ணாடிகள் பொய்ப் பல்லைப் போல ஆடிக்கொண்டிருந்தனவே, அன்றைக்கே சொன்னேன், யாரும் கை வைக்க வேண்டாம், நான் வந்து செய்கிறேன் என்று. நீயும் சரி என்றாய். கண்ணாடி வெட்டும் என் வைரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் முதலில் வைத்ததே அதற்காகத்தான். உன் அப்பா எனக்கு வாங்கித் தந்த ஒரே வைரம் அது. அவர் கேலிக்குச் சொல்வார், நான் நிஜமாகவே சொல்கிறேன்.

பெட்டியைப் பிரித்த வாரமே நீ ஒரு போட்டோ அனுப்பினாய். அம்மா, சமையலறை தவிர மத்த ஜன்னலையெல்லாம் அத்தையே சரி பண்ணிட்டாங்க பாரேன், கண்ணாடி மாத்தி, பட்டி வெச்சு, எல்லாம் அவங்களேதான் என்று பெருமை வேறு. பார்த்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் அப்பா, அடகுக்கடைக்காரன் நகை பார்க்கிற மாதிரி பார்க்காதே, கண்ணு போயிடும் என்றார். ஏதாவது கோணல் அகப்படும், சட்டத்தில் பட்டி அப்பியிருக்கும், கண்ணாடியில் விரல் தடம் இருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. பாவாடைக்கு ஓரம் அடித்தது போலச் சரிவாக, நேராக, கச்சிதமாக வைத்திருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல். மோசமாகச் செய்திருந்தால் நான் பெரிய மனசு பண்ணிப் பாராட்டியிருப்பேன். கீழ் மூலையில் மட்டும் பட்டிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு நூல் எட்டிப் பார்த்தது. தையல்காரம்மா போகிற இடமெல்லாம் நூல் என்று சொல்லி ஒரு தடவை சிரித்துக்கொண்டேன், எனக்கு அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். உனக்கு, நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று ஒற்றை வரியில் அம்மா எழுதினால் என்ன அர்த்தம் என்று பெற்ற பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா.

பிறகு போன வாரம் நீ போனில், நாலு நாள் விடாமல் மழை, படுக்கையறை ஜன்னலில் புதுக் கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் விட்டுவிட்டது என்றாய். உண்மையைச் சொல்கிறேன், நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷமே அந்த ஜன்னலுக்கு நேரே அல்லவா மருமகள் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள், குளிர்காற்று நேராக எலும்பில் இறங்குமே என்று பதறினேன், ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான். இப்போதாவது, அம்மா நீ வா என்பாய் என்று காத்திருந்தேன். நீ, அத்தை இன்னொரு கண்ணாடி வாங்கிட்டு வந்து போட்டுடுவாங்க என்று சொல்லிவிட்டுக் குழாய் சொட்டுகிறதா என்று கேட்டாய்.

மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு சம்பந்தியம்மாவே எனக்குப் போன் செய்தார், இது உனக்குத் தெரியாது. குசலம் எல்லாம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார், சம்பந்தி, நீங்க கண்ணாடிக்காரங்க, ஒண்ணு கேட்கணும், நான் சட்டத்தை அப்படியே அளந்து இடுக்கு இல்லாம வெட்டி வாங்கிட்டு, கண்ணாடி உட்கார்ற காடியைச் சுத்தி ரெண்டு நூல் ஒழுங்கா ஓட்டித்தான் கண்ணாடியை வெச்சேன், அப்படியும் விரிஞ்சிடுச்சு, நான் போட்டது பருத்தி நூல், நைலான் போட்டிருக்கணுமோ என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு நூல் என்றேன். மாப்பிள்ளைதான் சொன்னாரு, கண்ணாடி மாத்தினா ரெண்டு நூல் விடணும்னு எங்கம்மா சொல்வாங்க, ரெண்டு நூல் விடணும்னு எங்கம்மா சொல்வாங்கன்னு பத்து தடவை சொன்னாரு என்றார்.

தம்பி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து என் வெட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாய், நான் ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன். உனக்கு அந்த வார்த்தை காதில் தங்கியிருக்கிறது, அது அளவு என்பது தங்கவில்லை. தச்சருக்கும் எங்களுக்கும் நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அவருக்கு நூல் என்றால் நூல்தான், பாவம், வேறு என்னவாக இருக்கும். வெள்ளை நூலை இரட்டையாக எடுத்துச் சட்டம் முழுக்கச் சுற்றி ஓட்டியிருக்கிறார், இடைவெளி என்பது மருந்துக்கும் இல்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது, கண்ணாடிக்கு நகர இடம் இல்லாமல் விரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு, பருத்தியின் மேல் தப்பு இல்லை சம்பந்தி என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. அவரோ போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார். நான் இங்க விழுந்து விழுந்து செய்யறேன் சம்பந்தி, ஒரு குழம்பு வெச்சாலும் எங்கம்மா இப்படி வெப்பாங்க, ஒரு துணி மடிச்சாலும் எங்கம்மா அப்படி மடிப்பாங்கன்னுதான் உங்க பிள்ளை சொல்றாரு, எனக்கே கொஞ்சம் வயித்தெரிச்சலா இருக்கு என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. நீ அங்கே இப்படியெல்லாம் சொல்கிறாய் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே.

இனி வருவதுதான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டிய பத்தி. சம்பந்தி, விரிந்த கண்ணாடியை எடுக்கும்போது கைக்குத் தடித்துணி சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டிவிட்டால் சில் சிதறாது. உங்கள் பட்டி இன்னும் இறுகியிருக்காது, கத்தியாலேயே சுரண்டி எடுத்துவிடலாம். கண்ணாடி உட்காரும் அந்தக் காடியில் வெறும் மரம் தெரிந்தால் ஒரு கை பிரைமர் அடித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் பட்டியில் இருக்கும் எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். பழைய சட்டம் மூலைக்கு மூலை ஒரே அளவாக இருக்காது, மேலே, நடுவே, கீழே என்று அளந்து, உள்ளதில் சின்ன அளவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நீளத்தில் கால் இஞ்சு, அகலத்தில் கால் இஞ்சு குறைத்து வெட்டி வாங்குங்கள். அந்தக் கால் இஞ்சுக்குத்தான் ரெண்டு நூல் என்று பெயர், பிள்ளை விளக்காமல் விட்டது அவன் தப்பு. காடியில் மெல்லிசாகப் பட்டி வைத்து, அதில் கண்ணாடியை ஓரத்தில் மட்டும் அழுத்தி, நடுவில் அழுத்தாமல் உட்கார வைத்து, சின்ன ஆணி அடித்து, மேல் பட்டியை நீங்கள் முன்பு இழுத்தது போலவே இழுங்கள். அந்த இழுப்பு எனக்கு யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை, உங்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, நன்றாக இருக்கிறது. வாசித்தது போதும், இத்தோடு நிறுத்து.

அவருக்கான அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உன் அப்பாவைக் கேள். மருமகள் காலுக்காகத்தான் இவ்வளவும் எழுதிக் கொடுத்தேன், பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே, அது இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கிறது. நூல் விஷயத்தைச் சொல்லும்போது அவர் எதிரில் சிரிக்காதே, சிரிப்பு வந்தால் குளியலறைக்குப் போய்விடு. அவரையும் அனுப்பிவிடாதே, அவர் இருக்கும்வரை இருக்கட்டும். எனக்கு அறை வேண்டாம், சமையலறையில் ஓரமாக ஒரு படுக்கை விரிக்க இடம் இருந்தால் போதும், நான் என்ன ஆறடியா இருக்கிறேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மருமகளைப் படியில் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. போட்டோவில் பார்த்தேன், உங்கள் சமையலறை ஜன்னலில் மேல் கண்ணாடி ஒன்று உடைந்து இருக்கிறது, அடுத்தது அதுதான் என்று சம்பந்தியம்மாவும் சொன்னார். அதை மட்டும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல், மற்ற ஜன்னல் எல்லாம் அவருக்கே. அதில் ஓர் அட்டையை வெட்டி ஒட்டி வை. சேலைகளைத்தான் வெளியே எடுத்தேன், கடையில் இப்போது வேறு யாருடையதோ வைரத்தை வைத்து வெட்டுகிறேன், கோடு என் பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. என்னுடையது இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ரெண்டு நூல் விடணும் என்று சொன்ன
உன் அம்மா