குருத்துப் புழு

வெள்ளி, 14 ஆகஸ்ட் 1931. பிரிக்ஃபீல்ட்ஸ்.

ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எனக்கு வரவேண்டிய தலைமைக் குமாஸ்தா வேலையைத் தட்டிக்கொண்டு போன நாள் முதல் அடுத்த வீட்டு முத்தையாவோடு நான் பேசுவதில்லை. இன்று அவன் தன் முட்டைக்கோஸ் பாத்தியில், பூசணிக்காயில் பூதமுகம் வரைந்து, கம்பில் குத்தி, என் ஜன்னலைப் பார்க்க நட்டுவிட்டான்.

"யாரு கண்ணு பட்டு வாடுதுன்னு எனக்குத் தெரியும்லா!" என்று பால்காரரிடம் உரக்கச் சொன்னான்.

"பாத்துண்ணே, அவரைப் பாத்து உங்க பூதம் பயந்துடப் போகுது," என்றார் பால்காரர். எனக்கே சிரிப்பு வந்தது.

அவர் போனபின் முத்தையா குந்தி உட்கார்ந்து ஒரு செடியைத் தடவினான். "அவ ஆஸ்பத்திரியிலேருந்து வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன், ராசா?"

விதை போட்டது அவன் மனைவி. போன வருடம் நான் மலேரியாவில் கிடந்தபோது, எங்கள் பகையைப் பாராமல் வேலிக்கு மேலே கஞ்சி நீட்டியவர்.

என் கண்ணில் ஒன்றுமில்லை. வேலியோரச் செடியை எட்டிப் பார்த்தேன்; குருத்துக்குள் நூல் பின்னிக்கொண்டு புழு இருக்கிறது. அவன் வெளி இலைகளை மட்டும் பார்க்கிறான். ஒரு தாளில் எழுதிவிட்டேன்: விடிந்ததும் குருத்தைப் பிரித்து, ஊசியால் புழுவை எடுத்து, பனி காய்வதற்குள் அடுப்புச் சாம்பல் தூவவும்.

மொட்டைக் கடிதாசி எழுதுகிறவர்களை மனிதராகவே மதித்ததில்லை நான். ஆனால் என் பெயரைப் பார்த்தால் படிக்காமலே கிழித்துவிடுவான். அந்த அம்மாள் வரும்போது பாத்தி வெறுமையாகக் கிடக்கும். கையெழுத்துப் போடாமல் நாளைக் காலைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.