ஆவாரங் கஷாயமும் நீலக் கரைசலும்

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. நலம் விசாரிக்கும் கார்டில்கூட ஒன்று, இரண்டு என்று எண் போடுகிறேன் என்று கேலி செய்வீர்கள். இதற்கும் போட்டுவிடுகிறேன்.

1. இன்று காலை திறந்த சூரண டப்பாவும் அதன் வாசனையும்.
2. உங்கள் நோயும், நீங்கள் வேண்டாமென்ற ஊசியும்.
3. நான் நடத்திய பரிசோதனையும், அதனால் எனக்குக் கிடைத்த பெயரும்.
4. என் முகம் வாடக் கூடாது என்பதற்காக நீங்கள் செய்த காரியம்.
5. ஆவாரையைப் பற்றி எனக்கு இன்றும் ஒன்றும் தெரியாது என்பது.

நீங்கள் போன பிறகு மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். அதில் ஒரு மனையில் என் பிள்ளை வீடு கட்டியிருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு அவனோடுதான் இருக்கிறேன். இன்று காலை மாட்டுப்பெண் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூடியை நெம்பியதும் எழுந்த வாசனையில் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. காய்ந்த ஆவாரம்பூ. கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் தேன், அடியில் ஒரு துவர்ப்பு. உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மண்டலம் முழுக்கக் கொதித்த அதே வாசனை.

"எங்கப்பாவுக்கு அனுப்பலாம்னு வாங்கினேன். ஊசியை நிறுத்திட்டு இதையே சாப்பிடலாமான்னு உங்களைக் கேக்கச் சொன்னார். நீங்கதானே கெமிஸ்ட்ரி படிச்சவர்" என்றாள்.

டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். நீரிழிவுக்கு ஆவாரை கைகண்டது என்பதைச் சென்னையில் ஒரு ரசாயன நிபுணர் மேல்நாட்டு முறைப்படி சோதித்து நிரூபித்திருக்கிறாராம். பெயர் போடவில்லை. ஆவாரையைச் சோதித்தேன் என்று இந்த ஊரில் மேடையேறிச் சொன்னவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். "பார்த்துச் சொல்றேம்மா" என்று டப்பாவை மூடிவிட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது நீங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்து வீதியில் இருந்தீர்கள். சைதாப்பேட்டை கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. உங்கள் குரல் வாசலுக்கு வருவதற்கு முன்பே தெருக்கோடிக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. கோர்ட்டுக்குக் கிளம்புவதற்குள் ஒரு கூஜா தண்ணீர் காலியாகும். டாக்டர் நீரிழிவு என்றார். சீமையிலிருந்து புதிதாக ஓர் ஊசி மருந்து வருகிறது, தினமும் போட்டுக்கொண்டால் பயமில்லை என்றார். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

"போச்சுடா! இத்தனை வருஷம் சந்தியாவந்தனம் பண்ணிட்டு, கடைசியிலே மாட்டை உள்ளே ஏத்திக்கறதா? யமதர்மராஜன் பேர் கேட்டா 'அம்மா'ன்னு கத்தவா?" என்றீர்கள். டாக்டரே சிரித்துவிட்டார். என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜட்கா வண்டியில் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆவாரையைச் சொன்னவன் நான். கல்லூரி ரசாயன சாலையில், பையன்களுக்குச் சோதனை செய்து காட்டி, அவர்கள் போன பிறகு குடுவை கழுவி வைப்பதே என் உத்தியோகம். எங்கள் தலைவர் ஒரு வெள்ளைக்காரர். நாட்டு மருந்து ஏதாவது ஒன்றை ஒழுங்காகச் சோதித்துக் கட்டுரை எழுதினால், விஞ்ஞான சபையில் படிக்க ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லியிருந்தார். நீரிழிவுக்கு ஆவாரம்பூ என்று நம் வைத்தியர்கள் காலம் காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். ஒரு மண்டலம் கஷாயம். அதற்குள் சர்க்கரை இறங்கினால் சரி. இறங்காவிட்டால் நீங்கள் வாய் பேசாமல் ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும். அக்கா கபாலி மேல் ஆணையாக உங்களைச் சத்தியம் செய்ய வைத்தாள்.

சோதனை சின்னதுதான். நீல நிறமான தாமிரக் கரைசலில் சில சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். மிகுதியாக இருந்தால் செங்கல் நிறம். முதல் நாள் உங்களுடையது செங்கல்லாகவே படிந்தது.

தினமும் காலையில் உங்கள் கொல்லையில் கிணற்றடிக் கல்லின் மேல் பாட்டில் தயாராக இருக்கும். அதைத் துணியில் சுற்றி ட்ராமில் கொண்டுபோவேன். ஒரு நாள் கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டான்.

"இன்னா சாமி, பாட்டில்ல இன்னா கீது? எறும்பு மொய்ச்சிக்கினு வருதே!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "தேன்."

"மலைத் தேனா? நம்ம கொயந்தைக்கு இருமல் சாமி. ஒரு கரண்டி ஊத்திக் குடேன், புண்ணியமாப் போவும்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன். அன்று சாயங்காலம் நான் இதைச் சொன்னதும் நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "குடுத்திருக்கலாமேடா! கெமிஸ்ட்ரி ஐயர் குடுத்த தேன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பான்."

பிறகு நிறம் மாறியது. செங்கல் மஞ்சளாயிற்று. மஞ்சள் பச்சையாயிற்று. எறும்பு வருவது நின்றது. அதையும் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்த்தேன். கடைசியில் ஒரு நாள் கரைசல் கொதித்துக் கொதித்தும் நீலம் கலையவில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்க்கையில் நான் யாரையும் கூப்பிட்டு எதையும் காட்டியதில்லை. அன்று தலைவரை அவர் அறையிலிருந்து கூப்பிட்டு வந்து காட்டினேன்.

உங்கள் தோளெலும்பு அங்கவஸ்திரத்துக்குள் புடைத்துக்கொண்டிருந்தது. பிராகாரம் சுற்றும்போது காலில் குத்திய கல், ஆறாமல் புண்ணாகியிருந்தது. கூஜாத் தண்ணீர் குறையவே இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் குழாய் நீலமாக இருந்தது. நான் குழாயை நம்பினேன்.

சபையில் படித்தபோது என் குரல் முதல் வரிசையைத் தாண்டியிருக்காது. இருந்தும் கை தட்டினார்கள். ஒரு பெரிய டாக்டர் எழுந்து, நம் நாட்டு மூலிகைக்கு நம்மவரே சாட்சி சொல்லும் காலம் வந்துவிட்டது என்றார். வெளியே வந்து, முதல் முறையாக யாரையும் கேட்காமல், கடைக்குப் போய் மைசூர்ப்பாகு வாங்கினேன். ட்ராமில் அந்தப் பொட்டலத்தை மடியில் மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"சர்க்கரை இறங்கிடுத்து. அத்திம்பேர் இன்னிக்கு ஒரு துண்டு சாப்பிடலாம்" என்றேன்.

நீங்கள் கையை நீட்டினீர்கள். அக்கா பாய்ந்து வந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்டா! அவர் சாப்பிடப்படாது. நீ இத்தனை நாளா பாத்துண்டிருந்தது அவரோடது இல்லேடா."

எனக்குப் புரியவில்லை. யாருடையது என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "என்னோடது."

பிறகு அவள் சுவரிடமே சொல்வதுபோலச் சொன்னாள். முதலில் உங்களுடையதில் கொஞ்சம் அவளுடையதைக் கலந்தீர்களாம். நாளாக நாளாக அவளுடையது அதிகம். கடைசி வாரம் முழுக்க அவளுடையதே.

"ஒரே நாள்லே பல்டி அடிச்சா எந்த ஜட்ஜ் சாட்சியை நம்புவான்?" என்றீர்கள் நீங்கள். சிரிக்கப் பார்த்தீர்கள். "சிகப்புன்னு சொல்லச்சே உன் மூஞ்சியைப் பாக்க சகிக்கலைடா. பரீட்சையிலே கோட் அடிச்சவன் மாதிரி நின்னே."

மேடையில் நான் படித்த ஒவ்வொரு வரியும் ஞாபகம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியது என்னவென்று ஞாபகம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைக் கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் தலைவரிடம் போய், கட்டுரையை அச்சுக்கு அனுப்ப வேண்டாம், பிழை இருக்கிறது என்றேன். என்ன பிழை என்று கேட்டார். பாட்டில் மாறிவிட்டது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் சபையில் கேட்டவர்கள் கேட்டவர்கள்தானே. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று வந்த டப்பா அந்தக் கைதட்டலிலிருந்து வந்ததுதான்.

உங்கள் வீட்டுப் பக்கமும் சில நாள் போகவில்லை. அந்த நாட்கள் உங்கள் காலுக்கு எவ்வளவு முக்கியமானவை என்பது எனக்கு உறைக்கவில்லை. அக்கா ஆளனுப்பிய பிறகுதான் வந்தேன். நீங்கள் பெஞ்சில் படுத்திருந்தீர்கள். புண் கணுக்காலுக்கு ஏறியிருந்தது. தலைமாட்டிலிருந்த பாட்டிலை நீங்களே எடுத்து நீட்டினீர்கள். "இது அசல். கலப்படம் கிடையாது. இங்கேயே பாரு."

கிணற்றடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் கொதிக்க வைத்தேன். நொடியில் செங்கல்.

"என்ன கலர்?" என்று உள்ளேயிருந்து கேட்டீர்கள்.

"சிகப்பு."

நான் அருகில் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "நீலம்னு சொல்லேன்டா. ஒரே ஒரு தரம்."

என்னைப் பரிகாசம் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். பட்டது போதாதென்று இன்னும் விளையாடுகிறீர்களே என்று கோபம் வந்தது. "இனிமே என்னாலே பொய் சொல்ல முடியாது அத்திம்பேர்" என்றேன். உங்களை எதிர்த்து நான் பேசிய ஒரே பேச்சு அது. நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள். அன்று மாலையே ஊசிக்குச் சம்மதித்தீர்கள். மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசி தன் வேலையைச் செய்தது என்றுதான் டாக்டர் சொன்னார். காலில் ஏறிய விஷத்தை அதனால் தடுக்க முடியவில்லை. பங்குனி உற்சவத்தில் தேர் உங்கள் வீதிக்குத் திரும்பியபோது நீங்கள் இல்லை.

ஐந்தாவதை முடித்துவிடுகிறேன். மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். "உங்கப்பா ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தப்படாது. இந்தக் காகிதத்துலே போட்டிருக்கிற நிபுணர் நான்தான். நான் ஆவாரையைச் சோதிக்கவே இல்லை. அது நல்லதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது." ஏன், எப்படி என்று கேட்டாள். என் அக்கா சம்பந்தப்பட்டது, சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு நல்ல செடி. நீங்கள் அந்தக் கஷாயத்தை ஒரு நாள் தவறாமல் குடித்தீர்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அது உங்களுக்குள் என்ன செய்தது என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அது பார்க்கப்படாமலே போயிற்று. யாராவது பொறுமையுள்ளவர்கள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். படிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நீலம் வந்த அந்தக் கடைசி வாரம், நான் சாயங்காலம் வரும் நேரத்துக்கு நீங்கள் காலை இழுத்து இழுத்து வாசற்படிக்கு வந்து நிற்பீர்கள். பாட்டிலில் இருப்பது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். என்ன நிறம் வரும் என்றும் தெரியும். இருந்தும் நான் "நீலம்" என்று சொல்லும்வரை உள்ளே போக மாட்டீர்கள். சொன்னதும் உங்கள் முகம் தெளியும். அது நடிப்பில்லை. உங்கள் நடிப்பு எனக்குத் தெரியும்.

ஆகவே மேலே நாலாவதாகப் போட்டது தவறு. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். என் முகம் வாடியதற்காக நீங்கள் அதைச் செய்யவில்லை. இத்தனை வருஷமும் அப்படி நினைத்து வெட்கப்பட்டதில்கூட என்னைத்தான் நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மாடும் ஒரு சாக்குதான். நீங்கள் பயந்துபோயிருந்தீர்கள். பெஞ்சில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தபோது உங்கள் விரல்கள் சில்லென்று இருந்தன. பயத்தில் கை எப்படிச் சில்லிடும் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.