அக்கா கழுத்துக் கயிறு

ஜூன் 10, திங்கள்

விடியக்காலமே மழை. சிப்பிகாட் ரோட்டுல முழங்கால் தண்ணி. பால் வரல. டீன்னு வெறும் சாயத் தண்ணி.

அக்கா எழுந்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்தா. தாலியக் காணோமாம். கொஞ்ச நாளா இதே ரோதனை. அரிசி டின்னுக்குள்ள கைய விடறா, தலகாணி உறையப் பிரிக்கிறா, என் லுங்கிய உதறிப் பார்க்கிறா. மச்சான் கட்சால் தீவுல சுனாமி அலையோட போயி இருபது வருஷம் ஆகப் போகுது. உடம்பு கிடைக்கல. வந்துடுவாரு வந்துடுவாருன்னு பொட்டும் பூவுமா ரொம்ப நாள் இருந்தா. அப்புறம் முகாம்ல பொம்பளைங்க கூடி அறுத்தாங்க. அது அவளுக்கு மறந்து போச்சு. எனக்குத்தான் மறக்கல.

இன்னிக்குப் பழி பக்கத்து வீட்டு பௌதி மேல. பெங்காலிப் பொம்பள, தினம் வந்து அக்காவைக் குளிப்பாட்டி விடறது அவங்கதான். அவங்க முடியப் பிடிச்சு இழுத்து, திருடி, திருடின்னு இந்தியில ஏசிட்டா. பௌதி ஈரச்சேலையப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டுப் போயிட்டாங்க. முகம் செத்துப் போச்சு அவங்களுக்கு.

வாங்கணும்: டயப்பர், ரவை, தேங்காயெண்ணெய், எலிப்பொறி.

போட்டோவைக் காட்டினா தன்னையே தெரியல இப்பல்லாம். சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம அவ நெனப்புலேருந்து அழிஞ்சு போயிட்டாங்க. என்னை மட்டும் தெரியும். "தம்பி"ன்னு கூப்பிடறா. அம்மா சிலோன் தோட்டத்துல செத்தப்ப எனக்கு மூணு வயசு, இடுப்புல வச்சு வளர்த்தவ. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பீ மூத்திரம் அள்ளறேன். புண்ணியம் கிண்ணியம் எல்லாம் எவனுக்கு வேணும்.

ஜூன் 12, புதன்

மழை விட்டு விட்டு. நர்ஸ் வந்தாங்க. மலையாளம், தமிழ், இந்தி மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டற பேச்சு, ஆனா மனசு நல்ல மனசு. மறுத்துப் பேசாதீங்கன்னாங்க. அவங்க எந்தக் காலத்துல இருக்காங்களோ அங்க நீங்களும் போயிடுங்க, கையில பிடிச்சுக்க ஏதாச்சும் கொடுங்க. புருஷன் செத்துட்டாருன்னு தினம் சொன்னா, தினம் ஒரு சாவுதானே அவங்களுக்கு? நியாயம்தான்.

மத்தியானம் பஸ் பிடிச்சு பஜார் போனேன். மஞ்சக் கயிறு, ஒரு மஞ்சக் கிழங்கு. கடைக்காரன் ராமநாதபுரத்து ஆளு. யார் வீட்டுல விசேஷம்ணேன்னு கேட்டான். பூஜைக்குன்னேன்.

கையில கொடுத்தேன். பார்த்தா. மூஞ்சி அப்படியே மலர்ந்து போச்சு. தானே கட்டிக்கப் பார்த்தா, கை தோளுக்கு மேல தூக்க வரல. குனிஞ்சு கழுத்தை நீட்டினா. கட்டி விட்டேன். படகுத் துறையில காலமெல்லாம் கயிறு கட்டின கை, மூணு முடிச்சு தன்னால விழுந்துடுச்சு. கல்யாணம்னு ஒண்ணு ஆகாத பய நான்.

கயித்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒரு தட்டு சோறு, ரெண்டாவது தடவை குழம்பு. எனக்கும் நிம்மதியா ஒரு தூக்கம். நல்ல காரியம் பண்ணோம்னு இருந்துச்சு.

ஜூன் 13, வியாழன்

காலையில தேடல் இல்ல. டீ கொண்டு போனேன். முந்தானைய இழுத்து மூடிக்கிட்டா. என் மூஞ்சியப் பார்க்கல.

"நீங்க குடிச்சீங்களா?"

நீங்களாம். என்னைய. கேலி பண்றான்னு சிரிச்சுட்டேன். அப்புறம், இன்னிக்குப் பால்வெட்டுக்குப் போகலியான்னு கேட்டா. ரப்பர் தோட்டத்துக்குப் போனது மச்சான்.  அக்கா, நான் தம்பின்னேன். விளையாடாதீங்கன்னு திரும்பி உட்கார்ந்துட்டா.

சாயங்காலம் உடம்பு கொதிக்குது. காத்துல எதையோ பிய்க்கிறா. கட்டிலுக்கடியில தண்ணி ஏறுது, மேட்டுக்கு ஓடுங்க, ஓடுங்கன்னு கத்தல். காலைக் கீழ வைக்க மாட்டேங்கிறா.

ஜூன் 14, வெள்ளி

நர்ஸ் வந்து பார்த்தாங்க. மூத்திரத்துல கிருமியாம். வயசானவங்களுக்கு இதுலயே புத்தி தடுமாறுமாம், மாத்திரை கொடுத்தா பெரும்பாலும் தெளியும்னாங்க. அட, அப்ப எல்லாம் காய்ச்சல் பண்ற கூத்து. முந்தாநேத்தே உள்ளுக்குள்ள இருந்திருக்கும். இறங்கினா தம்பின்னு கூப்பிட்டுடுவா.

மாத்திரையப் பொடி பண்ணி, தேன்ல. கரண்டி கரண்டியா எலுமிச்சைத் தண்ணி. முருகா, இது ஒண்ணு மட்டும்.

ஜூன் 18, செவ்வாய்

காய்ச்சல் சுத்தமா இல்ல. கட்டிலுக்கடியில தண்ணியும் இல்ல. எழுந்து உட்கார்ந்தா, மழை பெய்யுதான்னு கேட்டா, ரசம் கேட்டா. பௌதி மனசு கேட்காம வந்துட்டாங்க. அவங்க கையப் பிடிச்சு வச்சுக்கிட்டா.

எனக்கு மட்டும் "நீங்க"தான். இன்னமும்.

சாப்பிட்டதும் சுவரோரமா நகர்ந்து படுத்தா. பக்கத்துல இடம் விட்டு, பாயைத் தட்டிக் காட்டினா. செத்த நேரம் சாயுங்களேன், பால் வெட்டிட்டு வந்த அலுப்பு இருக்கும்னா. கொல்லைக்கு ஓடிட்டேன். வாழை மரத்தடியில நின்னு ஓன்னு அழுதேன், மழையில. அறுவது தாண்டின ஆம்பள.

நர்சுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  "அண்ணா, கையில கொடுங்கன்னுதானே சொன்னேன், கட்டச் சொல்லலையே"ன்னாங்க. வையவும் இல்ல. வைஞ்சிருந்தா தேவலாம்.

கைஞ்சி லே ஆவூம், கத்தரிக்கோல் கொண்டாரேன்னு பௌதி சொன்னாங்க. தூங்கறப்ப வெட்டிடலாம், தெரியாதாம். தெரியாமப் போகுமா? எழுந்ததும் கை கழுத்துக்குத்தானே போகும். முகாம்ல அறுத்தப்ப ரெண்டு பேர் அவ கையைப் பிடிச்சாங்க, நான் பார்த்துக்கிட்டு நின்னேன். அதை என் கையால இன்னொரு தடவையா? முடியாது. வெட்டாம விட்டா நான் மச்சான். வெட்டினா மச்சானுக்கு இன்னொரு சாவு. ரெண்டுலயும் தம்பி கிடையாது.

ஜூன் 20, வியாழன்

கொஞ்சம் வெயில். துணி காஞ்சுது. டயப்பர் தீர்ந்துடுச்சு. இடுப்பு வலி.

எனக்கு முன்னால சாப்பிட மாட்டேங்கிறா. நேத்து பட்டினியே கிடந்தா, கஞ்சி அப்படியே இருந்துச்சு. அதனால இன்னிக்கு அவ எதிரிலேயே உட்கார்ந்து நான் முதல்ல தின்னேன்.  அப்புறம் ஊட்டி விட்டேன், நாலு வாய் வாங்கினா. அஞ்சாவது வாய்க்கு வாயை மூடிக்கிட்டா.

எனக்கு ஒரு தம்பி இருக்கான்னா. என் பேரைச் சரியாச் சொன்னா. சின்னதுல ரொம்ப நோஞ்சானாம், அம்மா இல்லாத புள்ளையாம். அவனும் அலையில போயிட்டானான்னு கேட்டா.

இல்ல, இருக்கான்னு சொன்னேன்.

"அப்ப ஏங்க வர மாட்டேங்கிறான்? நான் என்ன பண்ணேன் அவனுக்கு?"

கப்பல் டிக்கெட் கிடைக்கலியாம், காத்து அடிக்குதாம், வந்துடுவான்னேன். என் தோள்ல சாஞ்சு அழுதா, ரொம்ப நேரம். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். வேற என்ன பண்ண.

மூக்கைச் சிந்திக்கிட்டு, பசியோட வருவான், அவனுக்கு ஒரு வாய் எடுத்து வைங்கன்னா.

எடுத்து மூடி வச்சேன்.