ஐந்தாவது கணக்கு

ஞாயிறு, பெப்ரவரி 9. அல்பர்ட்ஸ்லுண்ட்.

மகள் எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு, பள்ளியில் படிப்பித்துக்கொண்டே ஆசிரியர் சான்றிதழுக்குப் படிக்கிறாள். இன்று தேவாலயத்தில் பூசை முடிந்து, மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது பீற்றர் அண்ணை அவள் முன்னாலேயே கேட்டார்: "என்ன தம்பி, இவ்வளவு படிச்ச பிள்ளை சின்னப் பிள்ளையளோட மாரடிக்குது? வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், பெரிய வீரன் நான்!

காரில் ஏறியதும் அவள், "அப்பா, இந்தப் படிப்பை விடட்டோ?" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஊரில் மூன்று கணக்கு வாத்திமார் கைவிட்ட மண்டை என்னுடையது. ஒன்றை அரையால் பிரித்தால் ஏன் இரண்டு வருகிறது என்று, சாப்பிட வைத்திருந்த ஒரு பாணை இரண்டாக வெட்டிக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தியவள் இவள்.

காரைத் திருப்பினேன். மண்டபத்துக்குள் போய், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "அண்ணை, வேலையை அவளாத்தான் விட்டவள். என்ரை மண்டைக்குள்ளயே கணக்கை ஏத்தினவள். உங்கடை பேரனையும் அனுப்புங்கோ!"

வெட்கத்தில் மகள் காருக்குள் குனிந்து ஒளிந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஐந்து கணக்குத் தந்தாள். நாலு சரி. ஐந்தாவதை நாளைக்குத் திருத்திக் காட்டாவிட்டால் விடமாட்டாளாம்.

அப்படியென்றால், படிப்பை விடவில்லை.