என் வயிற்றில் இருப்பது

மார்ச் 4

குண்டு இன்றும் ஒன்றும் சாப்பிடவில்லை. பெயர்தான் குண்டு, இப்போது எலும்பை எண்ணிவிடலாம். கால் முறிவுக்கு அறுவை செய்த இடம் சீழ் பிடித்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். கால் ஆறியது, வயிறு போயிற்று. தண்ணீராகப் போகிறது. துணி மாற்றும்போது, “நீ போக்கா, கூச்சமா இருக்கு” என்றான். “சும்மா கெட. சின்ன வயசுல உன்னைக் கழுவி விட்டது யாரு?” என்றேன்.

அவன் பெண்டாட்டி இதுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரிந்து ரெண்டு வருஷம் ஆனால் என்ன, மனுஷி இல்லையா? நேரில் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன்.

மார்ச் 9

டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். மருந்து சீழைக் கொன்றபோது குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டது. காலி இடத்தில் ஒரு கெட்டது குடியேறிவிட்டது. மருந்து கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது.

வழி ஒன்று உண்டாம். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக உள்ளே விடுவது. நல்ல கிருமிகள் மறுபடி குடியேறும். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தேன். “நிஜமாத்தாம்மா” என்றார்.

“எனக்கு இரும்பு வயிறு டாக்டர். எவ்வளவு வேணும்?”

குண்டு முகத்தை மூடிக்கொண்டான். “எந்த அக்காவும் தம்பிக்கு இதைக் குடுத்திருக்க மாட்டாக்கா.” எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறான்!

மார்ச் 10

டப்பா கொடுத்தார்கள். கொடுத்தேன். இதில் என்ன பெருமை என்று தெரியவில்லை, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 17

நான் கொடுத்தது வேண்டாமாம். என் குடலில் ஒரு கிருமி இருக்கிறதாம். எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அனேகமாக அசையாதாம்.

“எனக்கு ஒண்ணுமே இல்லையே?”

“உங்களை ஒண்ணும் பண்ணாதும்மா. சும்மா இருக்கு. அவர் ரத்தத்துல கலந்துட்டா, எங்க கையில மருந்து இல்ல.”

எங்கிருந்து வந்தது? உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறவர்களுக்கு வருவது சகஜமாம். அப்போ நான் பக்கத்துல இருந்ததுக்கா இது? கழுவினதுக்கு, துடைச்சதுக்கு? இது என்ன நியாயம்? பாத்ரூமில் போய் அழுதேன். கையைக் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

வேறு யாராவது உண்டா என்று கேட்டார். சமீபத்தில் மாத்திரை சாப்பிடாதவர், இந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர். அம்மா அப்பா இல்லை. வராதவள் ஒருத்திதான்.

மார்ச் 18

அவள் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19

இன்று கதவைத் தட்டினேன். “உள்ள வாங்கக்கா” என்றாள். போகவில்லை. நின்றபடியே சொன்னேன். நாலு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேக்கறது இதையா?” சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று. “வரட்டுமான்னு போன்ல எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? வராதேன்னுட்டாரு. அக்கா இருக்கா, சண்டை வரும்னு.”

பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா?

“எப்ப வரணும்?” என்றாள்.

மார்ச் 27

அவளுக்கு எல்லாச் சோதனையும் சுத்தம். சந்தோஷம்தான். பொறாமையும்தான்.

மார்ச் 30

உள்ளே குழாய் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும். தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கவில்லை. கோபத்தில் இல்லை. என்னிடமிருந்து அவளுக்கு எதுவும் போய்விடக் கூடாதே என்றுதான்.

ஏப்ரல் 6

வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளைக்கு நானும் அவனும் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தாமல் இருந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. என் வீட்டில் இருப்பதே ஒன்று. குண்டு என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அவ வீட்டுக்குப் போடா” என்று நானே சொன்னேன். பையை வண்டியில் வைத்தேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஏப்ரல் 15

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு பிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன்.

“அக்கா! இன்னிக்குக் கெட்டியாப் போச்சு!”

கத்தினான். பெரியவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். லென்ஸ் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பின்னால் அவள் குரல். “அக்காவைச் சாப்பிட வரச் சொல்லுங்க. வாசக் குழாயிலயே சோப்பு வெச்சிருக்கேன்னு சொல்லுங்க.”

கடை அடைத்ததும் போகிறேன்.