நோன்பு என்று சொன்ன நாள்

பெங்களூர்
15-1-65

மதிப்பிற்குரிய நைனாவுக்கு, மகன் மஜீத் ஸலாம் கூறி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

பட்டாளத்து ஓட்ட அணிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். திங்கள் காலை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டியிருந்தது. ஒரு சுற்று முழு வேகத்தில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓட வேண்டும். ராஜகிரி மலையை நிற்காமல் ஏறியவன் என்ற திமிரில், நடக்கச் சொன்ன நேரத்திலும் ஓடினேன். ஏழாவது சுற்றில் விழுந்துவிட்டேன்.

"இன்னாடா, செஞ்சிக் கோட்டை ஏறுனவன் இப்டி வுழுந்துட்ட?" என்றார் எங்கள் ஹவில்தார் தனசேகரன், ஆற்காட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நோன்பு சார்" என்றேன். அன்று காலை நான்கு பூரி தின்றிருந்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "மொதல்லியே சொல்லக் கூடாதா?" என்று அவரே என்னை நிழலில் உட்கார வைத்தார். என் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மதியம் கடைத்தெருவுக்கு நழுவிப்போய்ச் சோறு தின்றேன். மாலையில், நான் நோன்பு திறக்க, அவர் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தார்.

மறுநாளிலிருந்து உண்மையாகவே நோன்பு பிடிக்கிறேன். கஞ்சி தினமும் வருகிறது. அவர் மனைவி நம் நோன்புக் கஞ்சியின் பக்குவம் கேட்கிறார். அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்ப இங்கே ஆளில்லை. பழைய அலாரக் கடிகாரத்தை அனுப்ப முடியுமா?

தபாலுக்கு நேரமாகிவிட்டது. பள்ளிவாசலில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டாம். அந்த முதல் நாள், "இன்னும் கொஞ்சம் குடிடா, பொழுதுக்கும் பட்டினி கெடந்த" என்று ஹவில்தார் மறுபடி கஞ்சி ஊற்றினார். அதையும் குடித்தேன், நைனா.

மஜீத்